தகரப் பெட்டியில் ஒரு கப்பல்

செட்டியார்பட்டியில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. அதற்காகப் பரணில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாய் இறக்கினோம். அம்மா காலத்து வெண்கலப் பானை, அப்பாவின் குடை, கால் உடைந்த கிறிஸ்துமஸ் குடில் ஆடு ஆகியவற்றிற்கிடையே துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றும் இறங்கியது. ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்த பெட்டி அது. மூடியைத் திறக்க உளி தேவைப்பட்டது. உள்ளே எண்பது பக்க நோட்டுப் புத்தகங்கள் மூன்று. அட்டையில் கோணல் எழுத்தில், 'தீப்பெட்டிப் படங்கள். யாரும் தொடக்கூடாது' என்று எழுதியிருந்தது.

அண்ணன், தம்பி, தங்கை ஆகிய நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆயினும் அந்தக் கணத்தில் மூவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். யார் முதலில் பார்ப்பது என்ற பழைய சண்டை மறுபடி தொடங்கிவிடுமோ என்று தோன்றிற்று.

உடனிருந்த பேரன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "தாத்தா, இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டான். அமெரிக்காவில் இப்படிச் சின்னப் பிள்ளைகள் சேர்த்த அட்டைகள் கோடிக்கணக்கில் விலை போகின்றன என்று அவனே விளக்கமும் தந்தான். அவன் சொன்னது பொய்யன்று. நமக்குக் கிரிக்கெட் போல அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால். அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை முதலில் சிகரெட்டுப் பெட்டிகளிலும், பின்னர் மெல்லும் மிட்டாய்ப் பொட்டலங்களிலும் வைத்து விற்றார்கள். பிள்ளைகள் அவற்றைச் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகளில் செருகி ஓசை எழுப்பினார்கள். வளர்ந்ததும் மறந்தார்கள். தாய்மார்கள் குப்பையில் கொட்டினார்கள். அவ்வாறு தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குத்தான் இன்று அந்த விலை.

1952-ஆம் ஆண்டு 'டாப்ஸ்' என்ற மிட்டாய்க் கம்பெனி வெளியிட்ட மிக்கி மேன்டில் என்னும் ஆட்டக்காரரின் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விற்காமல் தேங்கிக் கிடந்த அதே ஆண்டு அட்டைகளைப் பெட்டி பெட்டியாக அந்தக் கம்பெனியே பின்னாளில் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டது. அட்டைகளின் வரலாற்றில் எங்கள் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. 1909 முதல் ஒரு புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரின் அட்டை மிகக் குறைவாகவே வெளிவந்தது. அவரே அதை நிறுத்தச் சொன்னதுதான் காரணம். தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாராரும், தமக்கு உரிய பணம் தரப்படவில்லை என்று கோபப்பட்டதாக மற்றொரு சாராரும் கூறுவர். எது உண்மையாயினும், அழகான ஒரு படத்துக்குப் பின்னால் யாருக்கு என்ன கேடு என்று கேட்க ஒரு மனிதர் இருந்திருக்கக் கூடும் என்னும் எண்ணமே எங்களுக்குப் போதுமாயிருந்தது. அந்தக் கேள்வியை நாங்கள் எங்கள் பருவத்தில் கேட்டதில்லை. ஏன் கேட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

எங்கள் பிள்ளைப் பருவம் 1970-களில் கழிந்தது. அப்போது விருதுநகர் மாவட்டம் பிறக்கவில்லை. நாங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தார். மேற்கே தொடர்ச்சி மலை நீலமாய் நிற்கும். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஊர்கள். எது எங்கே முடிகிறது என்று வெளியூரார்க்குத் தெரியாது. எங்களுக்கோ ஒவ்வொரு தேநீர்க் கடையும் ஒவ்வொரு பெட்டிக்கடையும் தனித்தனியே தெரியும். எந்தக் கடையில் எந்தத் தீப்பெட்டி விற்கிறார்கள் என்பது கடைக்காரரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

காலியான தீப்பெட்டியைக் கண்டால் பாய்வோம். பேருந்து நிற்குமிடம், தேநீர்க் கடைப் பலகையின் அடி, கோயில் கொடை நடந்த மறுநாள் பந்தல் போட்ட இடம், தறிக்கூடத்து வாசல் ஆகியவை எங்கள் வேட்டை நிலங்கள். ராஜபாளையம் ரயில் நிலையத்துக்குப் போக வாய்த்தால் அது பெருநாள். கொல்லம் மெயில் அந்த வழியாகத்தான் செங்கோட்டைக்குப் போகும். சென்னையிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வரும் பயணிகள் பீடி பற்றவைத்து எறிந்த பெட்டிகளில் எங்கள் ஊரில் காணாத படங்கள் இருக்கும். அப்பாவின் கையை உதறிவிட்டுத் தண்டவாளத்தோரம் குனிந்ததற்காக எங்களுள் மூத்தவன் வாங்கிய அறை இன்றும் அவன் நினைவில் இருக்கிறது. அன்று கிடைத்த படம் மூன்றாம் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

படத்தைக் கிழியாமல் எடுப்பது ஒரு கலை. பெட்டியைத் தட்டில் நீர் ஊற்றி ஊறவிட வேண்டும். பொறுமையின்றி உரித்தால் படத்தின் நெஞ்சு கிழிந்து பெட்டியோடு நின்றுவிடும். ஊறிய தாள் தானாகவே நழுவும் வேளையில் இரு விரலால் ஏந்திச் சிலேட்டின் மேல் பரப்பிக் காயவைப்போம். அந்நாளில் தீப்பெட்டியின் மேல் அரசின் தீர்வைச் சீட்டு ஒன்றும் சுற்றி ஒட்டப்பட்டிருக்கும். பெட்டியைத் திறக்கும்போது அது கிழியும். சில வேளைகளில் படத்தையும் சேர்த்துக் கிழிக்கும். கிழியாத படத்துக்கு மதிப்பு இரட்டை. காய்ந்தபின் சோற்றுப் பருக்கையை நசுக்கி நோட்டில் ஒட்டுவோம். அந்தப் பருக்கையை நாடி வந்த எறும்புகளும் கரப்பான்களும் எங்கள் சேமிப்பில் கால் பங்கைத் தின்று தீர்த்தன.

படங்களுக்கு எங்களுக்குள் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. மான், கிளி, மயில், தாமரை முதலியன எளிதில் கிடைப்பவை. அவற்றுக்கு மதிப்பு ஒன்று. கடிகாரம், தொலைபேசி, ரயில் எஞ்சின் ஆகியவற்றுக்கு ஐந்து. 'விம்கோ' கம்பெனியின் கப்பல் படத்துக்குப் பத்து. அதே கம்பெனியின் மற்றொரு படத்தில் ஒரு மனிதன் சிறுத்தையோடு மல்லுக்கட்டி நிற்பான். அதைப் 'புலிச்சண்டை' என்போம், அதற்கு இருபது. தெருவில் வட்டம் கீறி அதற்குள் ஆளுக்கு இத்தனை மதிப்பென்று படங்களை வைப்போம். தூரத்துக் கோட்டிலிருந்து சில்லை எறிந்து, வட்டத்துக்கு வெளியே தள்ளியவற்றை அள்ளிக்கொள்வோம். ஒரு மாலைப் பொழுதில் செல்வரானோர் உண்டு. ஒரே வீச்சில் ஓட்டாண்டியானோரும் உண்டு. தங்கையைப் பெண்பிள்ளையென்று ஆட்டத்தில் சேர்க்க மறுத்தோம். சேர்த்துக்கொண்ட முதல் நாளிலேயே எங்கள் இருவரையும் அவள் ஓட்டாண்டியாக்கினாள்.

இவ்வளவு வகைப் படங்கள் எங்கிருந்து வந்தன என்பதை வளர்ந்தபின்னரே அறிந்தோம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து தம் ஊரில் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமி அது. விளைச்சலை நம்ப முடியாத மக்களுக்கு அந்தத் தொழில் கஞ்சி வார்த்தது. தீக்குச்சியின் மருந்து காய வறண்ட காற்றும் தேவை. வானம் பொய்த்த பூமிக்கு அந்த வறட்சியே முதலாயிற்று. ஏறத்தாழ அதே வேளையில் சுவீடன் நாட்டுப் பெருங்கம்பெனியொன்று இந்தியாவில் 'விம்கோ' என்னும் பெயரில் இயந்திர ஆலைகளை நிறுவியது. இயந்திரத்தோடு போட்டியிட முடியாத கைத்தொழிலைக் காக்க அரசு தீர்வையில் சலுகை தந்தது. அதனால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் சிறு சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. எங்கள் பக்கத்து மக்கள் அவற்றைத் தீப்பெட்டி ஆபீஸ் என்பர். ஒவ்வோர் ஆபீசுக்கும் ஒன்றோ பலவோ பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம். எழுத்தறியாத மக்கள் கடையில் 'மான் மார்க் கொடு', 'கிளி மார்க் கொடு' என்று கேட்டு வாங்க வேண்டுமே! தீப்பெட்டிக்குப் படம் அச்சிட வந்த அச்சகங்களே பின்னர் வெடிகளுக்கும் நாட்காட்டிகளுக்கும் அச்சிட்டுச் சிவகாசியை நாடறியச் செய்தன. நம் வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படம் போட்ட நாட்காட்டிகள் பலவும் அந்த ஊரிலிருந்து வந்தவையே.

எங்கள் வீட்டில் வேறொரு படச் சேமிப்பும் இருந்தது. அம்மாவின் செபப் புத்தகம் எப்போதும் கர்ப்பிணியைப் போல் உப்பியிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் புனிதர் படங்கள், முதல் நற்கருணை நினைவுப் படங்கள், இறந்தோர் நினைவுப் படங்கள். ஞானோபதேச வகுப்பில் சரியாக விடை சொன்னால் எங்களுக்கும் ஒரு படம் பரிசாகக் கிடைக்கும். ஒருமுறை இளையவன் தனக்குப் பரிசாகக் கிடைத்த புனித அந்தோணியார் படத்தைத் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்துக் கப்பல் படம் ஒன்றை வாங்கிவந்தான். அந்தப் பையன் வீட்டாரும் அந்தோணியார் மீது பக்தி கொண்டவர்கள். கோயிலுக்கு வராவிட்டாலும் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்ற மறவாதவர்கள். அம்மா செய்தியறிந்து அடிக்கவில்லை. "அந்தோணியாரைக் கொடுத்துக் கப்பலை வாங்கினியே, நாளைக்கு அந்தக் கப்பல் காணாமப் போச்சுன்னா யார்கிட்டடா போய்க் கேப்ப?" என்றார்கள். வீடே சிரித்தது. கப்பல் இன்றளவும் காணாமற் போகவில்லை. காணாமற் போனது வேறொன்று.

எங்கள் பெரியம்மாவைச் சிவகாசிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரியப்பா இளவயதிலேயே இறந்துவிட்டார். பெரியம்மாவின் மூத்த மகள் எங்கள் மூத்தவனைவிட ஒரே வயது பெரியவள். எனினும் மூவரும் அவளை அக்கா என்றே அழைப்போம். முழுப் பரீட்சை விடுமுறையில் ஒரு வாரம் அந்த ஊரில் தங்குவோம். கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அக்கா மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். இதில் எங்களுக்கு அன்று துயரம் ஏதும் தோன்றவில்லை, பொறாமைதான் தோன்றிற்று. ஏனெனில் அவள் செய்த வேலை லேபிள் ஒட்டுவது! நாங்கள் தெருவெல்லாம் குனிந்து பொறுக்கியவை அவள் முன்னே கட்டுக் கட்டாகக் கிடந்தன. பசைபடாத, கிழியாத, வாசனை மாறாத புதுப் படங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவள் தாவணி முனையில் முடிந்துவரும் பத்துப் பன்னிரண்டு படங்களுக்காக நாங்கள் பேருந்து நிற்குமிடத்தில் காத்திருப்போம். அவளைப் பார்த்ததும் "அக்கா, வந்தியா?" என்று கேட்கமாட்டோம், "அக்கா, கொண்டாந்தியா?" என்றே கேட்போம்.

ஒரு விடுமுறையில் அவள் ஊரில் தங்கியிருந்தபோது அதிகாலையில் விழிப்பு வந்தது. வெளியே இருட்டு. ஆபீஸ் வண்டியின் ஒலிப்பான் கேட்டது. பெரியம்மா அக்காவைத் தூக்கி நிறுத்தி முகத்தில் நீர் தெளித்தார்கள். அவள் நின்றவாறே உறங்கினாள். தூக்குவாளியில் பழைய சோறு. தெருவில் அவளையொத்த பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாய் நின்றார்கள். சிலர் அவளைவிடச் சிறியவர்கள். வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்தபோதும் இருட்டித்தான் இருந்தது.

அந்த இரவில் அவளுடைய விரல்களைப் பார்த்தோம். காய்ந்த பசை தோலாகி உரிந்துகொண்டிருந்தது. நகங்களின் ஓரம் வெடித்திருந்தது. வேலைக்குக் கூலி நாட்கணக்கில் இல்லை, குரோசுக் கணக்கில். ஒரு குரோசு என்றால் 144 பெட்டிகள். தட்டில் பசையைத் தடவி, படங்களை அதன்மேல் பரப்பி, ஒவ்வொன்றாய் எடுத்துப் பெட்டியில் அழுத்த வேண்டும். குச்சி அடுக்கும் பிள்ளைகள் சட்டத்தின் குறுகிய காடிகளில் ஒவ்வொரு குச்சியாகச் செருகுவார்கள். கண்ணும் கையும் சிறியவையாய் இருந்தால் வேகம் கூடும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. இவை எல்லாவற்றையும் அக்கா பெருமையோடுதான் சொன்னாள். வீட்டில் அரிசி வாங்குவது அவள் கூலியில் அல்லவா?

பிறகு எங்கள் நோட்டை வாங்கிப் புரட்டினாள். ஒரு படத்தின் கீழிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, "தம்பி, இதுல என்னடா போட்டிருக்கு?" என்று கேட்டாள். நாங்கள் வாசித்துச் சொன்னோம். அடுத்ததைக் கேட்டாள். அதையும் சொன்னோம். பக்கம் பக்கமாகக் கேட்டாள். ஆயிரம் ஆயிரமாய் அவளே ஒட்டிய படத்தின் பெயரை அன்றுதான் அவள் அறிந்தாள். மூன்றாம் வகுப்பில் கற்ற எழுத்துகள் ஆபீஸ் வாசலிலேயே உதிர்ந்துவிட்டிருந்தன.

மறுநாள் புறப்படும்போது எங்களைத் தனியே அழைத்து, "உங்க பழைய தமிழ்ப் புத்தகம் ஒண்ணு தருவீங்களாடா? மூணாம் வகுப்போ நாலாம் வகுப்போ, எதுவானாலும் சரி" என்றாள். கொடுத்திருக்க வேண்டியதுதானே? பழைய புத்தகத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் நாங்கள் வட்டத்துக்குள் சில்லு எறிந்து பழகிய வணிகர்கள். ஒன்றுக்கு ஒன்று என்பது எங்கள் வேதம். "வெட்டாத தாள் ஒண்ணு முழுசாக் கொண்டா அக்கா, புத்தகம் தாறோம்" என்றோம். அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாளில் ஒரே படம் வரிசை வரிசையாய் நிறைந்திருக்கும். அதை வெட்டித்தான் தனிப் படங்களாக்குவார்கள். அப்படியொரு முழுத் தாள் வைத்திருந்த பையன் செட்டியார்பட்டியிலும் இல்லை, தளவாய்புரத்திலும் இல்லை. அக்கா சற்று யோசித்தாள். "கிறிஸ்துமசுக்குப் பாப்போம்" என்றாள்.

கிறிஸ்துமசுக்கு அவள் கொண்டுவந்தாள். எட்டாய் மடித்து உடம்போடு ஒட்டிவைத்திருந்த தாள். விரித்தபோது எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. வரிசை வரிசையாய்க் கப்பல்கள்! பெரிய கம்பெனியின் கப்பல் அன்று. அதைப் பார்த்து எங்கோ ஒரு சிற்றாலை போட்ட போலிக் கப்பல். ஆயினும் என்ன? தெருவையே அழைத்துக் காட்டினோம். மூன்று நாள் அரசர்களாய்த் திரிந்தோம்.

புத்தகம்? ஆண்டு முடிந்ததும் பழைய புத்தகங்களைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதி விலைக்கு விற்பது அந்நாளைய வழக்கம். அவற்றை ஜூன் மாதத்திலேயே விற்றுவிட்டிருந்தோம். விற்ற காசில் சேவும் மிட்டாயும் தின்றிருந்தோம். அக்கா கேட்டபோது தலையைச் சொறிந்தோம். "அடுத்த வருசம் தாறோம் அக்கா" என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள் என்றே நினைவு. அம்மாவின் செபப் புத்தகத்திலிருந்து படம் ஒன்றை எடுத்துக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டோம். அடுத்த வருசமும் தரவில்லை. அதற்கடுத்த வருசம் சில்லாட்டமும் தீப்பெட்டிப் படமும் எங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகிவிட்டன. பெட்டி பரணேறியது.

பிறகு நாட்டில் பல நடந்தன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டது; வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அது பிள்ளையின் நலனுக்குரிய நிதியில் சேர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. 2016-இல் சட்டம் மேலும் இறுகி, 14 வயது நிரம்பாதோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் வரும் முன்னரே வளர்ந்துவிட்டவர்களுக்கு இவை எதுவும் பயன்படவில்லை. எங்கள் அக்கா அவர்களுள் ஒருத்தி.

தீப்பெட்டியும் மாறிற்று. மரத்தகட்டுப் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது. இன்று படம் அட்டையின் மேலேயே அச்சாகி வருகிறது. தனியே ஒட்டும் லேபிள் அரிதாகிவிட்டது. 2007-இல் ஒரு ரூபாயான பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. மலிவான நெருப்பூட்டிகளின் போட்டியால் தொழில் தள்ளாடியது. 20 ரூபாய்க்கும் குறைந்த விலையுள்ள நெருப்பூட்டிகளின் இறக்குமதியை மத்திய அரசு 2023-இல் தடை செய்தது. பரணிலிருந்து இறங்கிய எங்கள் நோட்டுகள் மறைந்துவரும் ஓர் உலகத்தின் பதிவேடுகள் என்பதில் ஐயமில்லை. மேலைநாடுகளில் இத்தகைய படங்களைச் சேர்ப்போர்க்குச் சங்கங்களும் இதழ்களும் உண்டு. பேரன் கேட்டது போல் ஏதோ ஒரு விலையும் கிடைக்கக்கூடும்.

ஆனால் மூன்றாம் நோட்டின் கடைசியில் எட்டாய் மடித்த அந்தத் தாள் இருந்தது. நாங்கள் அதை வெட்டவேயில்லை. பெருமைக்காக முழுதாகவே வைத்திருந்தோம். மடிப்பில் மட்டும் சற்று இற்றுப்போயிருந்தது. விரித்துப் பார்த்த எங்களுள் ஒருவரும் பேசவில்லை. தங்கைதான், "அக்காகிட்ட கொண்டு போவோம்" என்றாள்.

அக்கா இப்போது சிவகாசியில் மகன் வீட்டில் இருக்கிறாள். நாங்கள் போனபோது வாசலில் அமர்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தாள். ஆம், வாசித்துக்கொண்டிருந்தாள்! 1990-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் ஆபீசில் உழைத்துவிட்டு இரவில் தெருவிளக்கின் கீழ் எழுத்துக் கற்றவர்களுள் அவளும் ஒருத்தி. கற்றுக்கொடுத்தவள் பத்தாம் வகுப்பு முடித்த அண்டைவீட்டுப் பெண். இந்தச் செய்தியைக்கூட நாங்கள் அன்றுதான் கேட்டறிந்தோம். உறவு என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் எத்தனை ஆண்டுகள் திருமணங்களிலும் சாவுகளிலும் மட்டும் அவளைக் கண்டு, "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம்!

நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நாங்கள் அழகென்று எண்ணியவற்றை அவள் பார்க்கவில்லை. "இது பசை ஏறாத தாளு. வழுக்கும்" என்றாள். "இந்தச் சிவப்பு கையில ஒட்டிக்கிடும். சோத்துல கைய வச்சா சோறும் செவக்கும்" என்றாள். ஒவ்வொரு படத்தின் பெயரையும் தானே சத்தமாக வாசித்தாள். யாரையும் கேட்கவில்லை.

கடைசித் தாளை விரித்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "இத எடுத்ததுக்கு நாலு நாள் கூலியப் பிடிச்சுட்டாங்க. எப்படியோ எண்ணிக்கை குறையுதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லல. நாலு நாளும் வேலை இல்லன்னு சொன்னாங்கன்னு பொய் சொல்லிட்டேன். நல்லா அடி வாங்கினேன்."

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. நாங்கள் மூன்று நாள் அரசர்களாய்த் திரிந்த விலை அது. நாலு நாள் அரிசி. ஒரு தாயிடம் சொன்ன பொய். முதுகில் விழுந்த அடி. இத்தனை ஆண்டுகளில் ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒருவர் நம்மைக் குற்றம் சாட்டாததனாலேயே நாம் குற்றமற்றவர் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு எளிதாயிருக்கிறது! பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்ட நாட்களில் அம்மாவிடம் பொய் சொன்னதையும் பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் பறித்ததையும் தவறாமல் அறிக்கையிட்டோம். இதை ஒருநாளும் சொன்னதில்லை. மறைத்தோம் என்பதற்கில்லை. இது கணக்கில் வர வேண்டியது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா தாளை மடித்தாள். பழைய மடிப்பிலேயே, ஓரம் பிசகாமல், எட்டாய் மடித்தாள். லட்சக்கணக்கான தாள்களைத் தொட்ட கை அல்லவா? பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, "சரி, புத்தகம் எங்கடா?" என்றாள். சொல்லிவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். நாங்களும் சிரிக்க முயன்றோம். தங்கை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாளை அவளிடமே விட்டுவர எண்ணினோம். அவள் ஏற்கவில்லை. "எனக்கு எதுக்கு? நான் பார்க்காத கப்பலா? உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கையில் வைத்தாள்.

வாசகர்களே! பழைய நினைவுகள் இனியவை என்பர். இனியவைதாம்; மறுக்கவில்லை. நோட்டைத் திறந்தபோது தண்டவாளத்தோரக் காற்றும், சிலேட்டின் ஈரமும், வெற்றிபெற்ற தங்கையின் கூவலும் ஒருங்கே எழுந்துவந்தன. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் நாம் போற்றிவைத்திருக்கும் ஒவ்வொரு பழம்பொருளையும் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் யாரோ ஒருவரின் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. முன்புறத்தை மட்டும் பார்த்து 'அந்தக் காலம் போல் வருமா?' என்று பெருமூச்சு விடுகிறோம். அந்தக் காலம் யாருக்கு நல்ல காலமாயிருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் நினைவு நேர்மையுடையதாகும்.

நோட்டுகளை விற்பதில்லை என்று முடிவுசெய்தோம். பேரனிடம் கொடுத்தோம், கதையையும் சேர்த்தே கொடுத்தோம். அவன் கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தான். மறுவாரம் ராஜபாளையத்துக்குப் போய் வந்தவன் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், புதியது.

"இதை நான் கொண்டு போய்க் கொடுக்கவா? நீங்க வர்றீங்களா?" என்று கேட்டான்.

நாங்கள் மூவரும் செருப்பைத் தேடினோம்.